பிரான்சின் ஒயின் பகுதிகள் அல்சாஸ், பர்கண்டி, போர்தோ: கார் இல்லாமல் எங்கே தங்கலாம்?

திசைகாட்டி (கேள்வி):
செப்டம்பர் நடுவில் நானும் மனைவியும் பாரிஸிலிருந்து கிளம்பி ஒரு ஒயின் பகுதியில் நான்கு இரவு தங்கப் போகிறோம். கார் எடுப்பதாக இல்லை. ரயில், பஸ், சைக்கிள் எதுவும் சரி. வெள்ளை ஒயின் இருவருக்கும் பிடிக்கும், சிவப்பில் பழக்கம் குறைவு. அவர் சைவம், முட்டை சாப்பிடுவார். எங்கே அறை போடலாம்?

மலையடி:
நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அல்சாஸில் கோல்மார். பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து நேரடி டிஜிவி (அதிவேக) ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். அங்கே விளைவதில் பெரும்பகுதி வெள்ளைதான்: ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி என்ற திராட்சை வகைகள். அதைவிட முக்கியம், எகிஷைம், ரிக்வீர் போன்ற ஊர்களில் உற்பத்தியாளர்களின் கடை தெருவிலேயே இருக்கிறது. பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் நுழைந்து நாலைந்து வகை சுவைக்கலாம். சிறிய இடங்களில் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு வருவதுதான் மரியாதை.

எகிஷைம் கோல்மாரிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள், சைக்கிளே போதும். ரிக்வீர், கைசர்ஸ்பெர்குக்குப் பஸ் உண்டு. ஞாயிறன்று பஸ் மிகக் குறைவு, அன்றைக்குக் கோல்மாரிலேயே இருந்துவிடுங்கள். ரீஸ்லிங் வாங்கும்போது லேபிளில் 'செக்' என்று இருக்கிறதா பாருங்கள், இனிப்பில்லாதது அதுதான். 'முவாலே' என்றிருந்தால் நல்ல இனிப்பு.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. தார்த் ஃப்ளாம்பே என்ற மெல்லிய ரொட்டியில் க்ரீம், வெங்காயத்தோடு பன்றி இறைச்சித் துண்டுகளும் வழக்கமாகவே வரும். 'சான் லார்தோன்' (பன்றித் துண்டுகள் இல்லாமல்) என்று சொல்லியே ஆர்டர் செய்யுங்கள். கண்டிப்பான சைவம் என்றால் பாலாடைக்கட்டியும் யோசிக்க வேண்டியது: பிரான்சில் பலவற்றில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்.

சுண்ணாம்புக்கல்:
பர்கண்டியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். வெள்ளை பிடிக்கும் என்றால் உலகின் தலைசிறந்த ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை விளைவது அங்குள்ள மெர்சோ, புலினி-மோன்ராஷே ஊர்களில். போன் என்ற ஊரில் தங்கினால் அங்கிருந்து போமார், வோல்னே, மெர்சோ, புலினி வழியாக சான்த்னே வரை திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே சைக்கிள் பாதை, ஏறக்குறைய 22 கி.மீ. ஏற்றம் அதிகமில்லை. பாரிஸிலிருந்து திஜோனுக்கு டிஜிவி, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போன்.

சிக்கல் எங்கே என்றால், நல்ல உற்பத்தியாளர்கள் பலர் முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. அறுவடை நேரத்தில் எழுதினாலும் மறுப்பார்கள், குடும்பமே தோட்டத்தில் நிற்கும். நீங்கள் போவதும் அதே சமயம். அதனால் போன் ஊருக்குள் இருக்கும் பெரிய வணிக நிறுவனங்களின் நிலவறைகளை நம்பி இறங்குங்கள், அவை அறுவடையிலும் திறந்திருக்கும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மதிய உணவு இடைவேளை, எதையும் திட்டமிடாதீர்கள்.

திசைகாட்டி:
மிக்க நன்றி இருவருக்கும். அப்படியானால் கோல்மார்தான். போர்தோவை விட்டுவிடலாமா?

மலையடி:
இந்த முறை விடலாம். போர்தோவின் மெதோக் பகுதியில் ஷாட்டோக்கள் (ஒயின் பண்ணைகள்) தள்ளித் தள்ளி இருக்கின்றன, கார் இல்லாமல் பாதி நாள் பயணத்திலேயே போகும். அதே போர்தோவில் சென்-எமிலியோன் ஊருக்கு ரயில் உண்டு, ஆனால் நிலையத்திலிருந்து ஊருக்கு இருபது நிமிட நடை. அங்கே பேர்பெற்றதும் சிவப்புதான்.

சுண்ணாம்புக்கல்:
இந்தியா திரும்புகிறீர்கள் என்றால் வரியில்லாமல் தலைக்கு 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மி.லி. பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது அளவைத் தாண்டிவிடும். கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே, ஓரம் படாமல் வையுங்கள்.