விற்ற ஃபெண்டர் ஆம்பைத் திரும்ப வாங்கணும், டர்பன் மக்களே உதவுங்கள்

வணக்கம். தேடுவது நான் விற்ற பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி): 22 வாட், ஒரே 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6வி6 பவர் வால்வு (வெற்றிடக் குழாய்). சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் பஜனைக் குழுவிலோ கல்யாண பேண்டிலோ கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.

பின்பக்கம் சேசிஸில் (உள்ளிருக்கும் உலோகப் பெட்டியில்) பொறித்த சீரியல் நம்பரைப் படமெடுத்து அனுப்பினால் போதும். ஸ்பீக்கர் முன்துணி, கைப்பிடி, நாப் எல்லாம் மாற்றக்கூடியவை. அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

இது 120 வோல்ட் அமெரிக்க மாடல். நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போகும். யாராவது பெரிய ஃபியூஸ் போட்டு வைத்திருந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். 300 விஏ ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துத்தான் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது.

வால்யூம் பூஜ்யத்திலும் பலமாக ‘உம்ம்’ என்றால் பெரும்பாலும் ஃபில்டர் கபாசிட்டர் (மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) காய்ந்திருக்கும். அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். சேசிஸை மட்டும் திறக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், ஆளையே கொல்லும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (வால்வையும் ஸ்பீக்கரையும் இணைப்பது) மாற்றியதாக இருந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்பீர்கள்? டர்பனில் வால்வு ஆம்ப் நன்றாகப் பார்க்கும் மெக்கானிக் யாராவது தெரியுமா?