‘வெய்ஜி’ன்னா ஆபத்து + வாய்ப்பாம்! யார் கிளப்பி விட்டது இதை?

கடலோடி: குடும்பக் குரூப்புல ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோ. “நெருக்கடிக்குச் சீனன் வெச்ச பேரு வெய்ஜி. வெய்னா ஆபத்து, ஜின்னா வாய்ப்பு”ன்னு சொல்லிக் கைதட்டல் வாங்குறார். இருபது வருசமா சிங்கப்பூர்ல சீனர்களோட வேலை பாக்குறேன். அதே ஜி வர்ற இன்னொரு சீனச் சொல் ஃபெய்ஜி. ஃபெய்னா பறக்குறது, ஃபெய்ஜின்னா விமானம். அது என்ன, பறக்குற வாய்ப்பா?

முன்னேறு_முருகு: பயிற்சி வகுப்பு எடுக்குறவங்களைக் கிண்டல் பண்றதே உங்களுக்கு வேலையாப் போச்சு. 1959ல கென்னடியே மேடையில சொன்னது இது. 2007ல அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் நோபல் உரையிலயும் சொன்னார். அவங்களை விட நீங்க பெரிய ஆளோ?

கடலோடி: கென்னடிக்கு எந்த ஊர்ல சீன மொழி சொல்லிக்கொடுத்தாங்க? பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சீன மொழிப் பேராசிரியர் விக்டர் மேர் இதை மறுத்துத் தனிக் கட்டுரையே எழுதியிருக்கார். இந்த இடத்துல ஜின்னா ஒரு விஷயம் திரும்புற கட்டம், அவ்வளவுதான். பழைய சீனத்துல அந்த எழுத்து விசைவில்லோட விசையைக் குறிச்சது. தட்டினா அம்பு பாயும். உங்க நெஞ்சுல பாஞ்சாலும் அதே விசைதான். சரி, விமானத்துக்குப் பதில்?

முன்னேறு_முருகு: ஜிஹுய்ன்னா வாய்ப்பு. அதுல ஜி இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கடலோடி: இருக்கு. ஹுய் சேர்ந்தாத்தான் வாய்ப்பு. ஷொவ்ஜின்னா கைப்பேசி. அதுலயும்தான் ஜி இருக்கு. ஃபெய்ஜிலயும் இருக்கு. விமானம், விமானம்!

பொடிமட்டை: வாய்ப்பாட்டுலகூடத்தான் வாய்ப்பு இருக்கு. பதினாறாம் வாய்ப்பாடு தெரியாம நின்னப்ப எனக்குக் கிடைச்சது என்னன்னு முதுகு சொல்லும்.

முன்னேறு_முருகு: விமானத்துல வர்ற ஜி எந்திரங்கிற பொருள்ல வருது. வெய்ஜில அப்படி இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்புறது நீங்கதான்.

கடலோடி: அடடா! ஒரே எழுத்துக்குப் பல பொருள்னு இப்பத்தான் தெரிஞ்சுதா? அதைத்தானே காலையில இருந்து கத்துறேன்.

முன்னேறு_முருகு: அப்ப விமானத்தை விடுங்க.

கடலோடி: விட மாட்டேன்.

சொல்லேர்: நம்மகிட்ட ‘நெருக்கடி’ன்னு எவ்வளவு அழகான சொல் இருக்கு. சீனனுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை? ‘ரிஸ்க்’ங்கிறதுக்கு ‘இடர்’னு எழுதுங்கன்னு பத்துத் தடவை சொல்லிட்டேன், இங்க ஒருத்தர் காதுலயும் ஏறல.

பொடிமட்டை: நெருக்கடி = நெருக்கு + அடி. அடுத்த வகுப்புக்கு முருகு அண்ணனுக்கு ஸ்லைடு ரெடி.

கண்மாய்க்கரை: சாம்பான் படகு தமிழ்ப் பேருன்னு போன வருசம் ரெண்டு நாள் மல்லுக்கட்டுனவர்தானே இந்தக் கடலோடி? சீனத்துல ‘மூணு பலகை’ன்னு அர்த்தம்னு காட்டினதும் ஆளைக் காணோம். இன்னிக்குச் சீன வாத்தியாரா வந்து நிக்கிறார்.

கடலோடி: ஆளைக் காணோமா? அப்ப அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம ஊருக்குப் போயிருந்தேன். சாம்பானுக்குத் தனி இழை போடுங்க, வர்றேன். இங்க கேள்வி ஜி பத்தி.

கண்மாய்க்கரை: தோத்தா மட்டும் தனி இழை.

முன்னேறு_முருகு: கண்மாய் அண்ணே, நல்லாக் கேட்டீங்க! என் வகுப்புல வேலை போன ஒருத்தர் இந்த வெய்ஜி கதையைக் கேட்டுட்டுத்தான் சொந்தமா மாவுக்கடை போட்டார். அவர்கிட்ட போய் விசைவில் கதை சொல்லுங்க.

கடலோடி: கடை போட்டது அவர் உழைப்பு. அதுக்குச் சீன மொழி எதுக்குப் பொய்ச்சாட்சி சொல்லணும்? வெறும் தமிழ்ல ‘துணிஞ்சு இறங்கு’ன்னு சொன்னா மாவு புளிக்காதா?

முன்னேறு_முருகு: சனிக்கிழமை வகுப்புலயும் இதே ஸ்லைடைத்தான் போடுவேன். முடிஞ்சதைப் பாருங்க.

கடலோடி: போடுங்க. பக்கத்துலயே ஒரு விமானப் படமும் போடுங்க.

தேனிக்காரி: நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். ‘வெய்ஜி’யா, ‘வேய்ச்சி’யா, எப்படி எழுதுறது?

கடலோடி: அது அப்புறம் தங்கச்சி. முதல்ல அவர் விமானத்துக்குப் பதில் சொல்லட்டும்.