மறு: ‘இக்கார்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

இடைக்கால யூத மெய்யியலில், சமயம் எதைச் சார்ந்து நிற்கிறதோ அந்த அடிப்படை நம்பிக்கையைக் குறிக்கும் எபிரேயச் சொல் இக்கார், பன்மையில் இக்காரிம். அதற்குத் தமிழில் முன்மொழிந்த சொற்களைப் பற்றி என் கருத்து இது.

> ‘விசுவாசப் பிரமாணம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக ஏன் தேட வேண்டும்?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். விசுவாசப் பிரமாணம் என்றதும் தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்கிற அறிக்கைதான் நமக்கு நினைவு வரும். சபை கூடி, வாசகத்தை முடிவு செய்து, ஏற்பவர் உள்ளே, மறுப்பவர் வெளியே என்று அறிவித்த வரலாறு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடைக்கால யூதர்களிடம் இதற்காக எந்தச் சபையும் கூடவில்லை. யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ் 1168-இல் எகிப்தில் முடித்த மிஷ்னா (பழைய ரபிகளின் சட்டத் தொகுப்பு) உரையில், அதன் சன்ஹெத்ரின் பகுதியின் பத்தாம் அதிகாரத்துக்கு எழுதிய முன்னுரையில்தான் அவருடைய புகழ்பெற்ற பதின்மூன்று இக்காரிம் வருகின்றன. இஸ்ரயேலர் எல்லோருக்கும் வரவிருக்கும் உலகில் பங்கு உண்டு என்கிறது மிஷ்னா. சரி, அப்படியானால் இஸ்ரயேலர் என்று யாரைச் சொல்வது? அந்தக் கேள்விக்கு ஒரு தனி அறிஞர் தந்த விடை அது. பின்னால் வந்தவர்கள் அதைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், வேறு மாதிரி அடுக்கினார்கள். பிற்காலத்தில் அந்தப் பதின்மூன்றும் பாட்டாகவும் ‘முழு நம்பிக்கையோடு நம்புகிறேன்’ என்ற வாசகமாகவும் ஜெபப் புத்தகத்தில் ஏறியது உண்மைதான், அந்த வடிவத்துக்கு வேண்டுமானால் விசுவாசப் பிரமாணம் பொருந்தலாம். மெய்யியலாளர்களின் வாதத்துக்குப் பொருந்தாது.

> ‘அடிப்படைக் கோட்பாடு’ போதாதா? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் யூத அறிஞர் அபரபனேலிடம் வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கும். 1492-இல் யூதர்களை ஸ்பெயினிலிருந்து விரட்டியபோது வெளியேறியவர் அவர், இரண்டு ஆண்டுகள் கழித்து ‘ரோஷ் அமனா’ என்ற நூலை முடிக்கிறார். நூலின் பெரும்பகுதியில், தனக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த யூத மெய்யியலாளர்கள் கிரெஸ்காஸும் அல்போவும் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு மைமோனிடிஸ் சார்பில் பதில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தன் சொந்தக் கருத்தாக, தோராவில் (கடவுள் தந்ததாக யூதர் ஏற்கும் வேதத்தில்) இக்காரிம் என்று சிலவற்றைத் தனியே பிரிப்பதே கூடாது என்கிறார். மனிதர் உண்டாக்கிய அறிவுத்துறைகளுக்குத்தான் முதற்கோள்கள் தேவை, கடவுள் தந்ததில் ஒன்று பெரிது மற்றொன்று சிறிது என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். இதை ‘யூத சமயத்துக்கு அடிப்படைக் கோட்பாடுகள் இல்லை’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், மனிதர் எதையுமே நம்பாதவர் மாதிரி ஆகிவிடுகிறார். அவர் சொன்னதோ நேர் எதிர், எல்லாமே சம அளவில் நம்ப வேண்டியவை என்பது. யார் எந்தச் சொல்லை முன்மொழிந்தாலும் அபரபனேலின் இந்த வாக்கியத்தில் அதை வைத்துப் பார்த்துவிடலாம் என்பது என் யோசனை.

என் முன்மொழிவு ஆணிவேர்.

யோசேப் அல்போ 1425-இல் எழுதி முடித்த ‘இக்காரிம் நூல்’தான் இந்தக் கலைச்சொல்லை ஒழுங்குபடுத்திய நூல், அதனால் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று இருப்பதும் நிலைப்பதும் எதைச் சார்ந்திருக்கிறதோ அதுவே இக்கார் என்று வரையறுத்து, மரமும் வேரும்தான் உதாரணமாகக் காட்டுகிறார். அவர் கணக்கில் இக்காரிம் மூன்றே: கடவுள் இருக்கிறார், தோரா அவரிடமிருந்து வந்தது, நன்மை தீமைக்குப் பலன் உண்டு. இந்த மூன்றிலிருந்து தர்க்கப்படி பிறப்பவை ஷொராஷிம், மொத்தம் எட்டு. கடவுள் ஒருவரே, அவருக்கு உடல் இல்லை என்பவை முதல் இக்காரிலிருந்து வருகின்றன, தீர்க்கதரிசனம் இரண்டாவதிலிருந்து. அதற்கும் அப்பால் அனாஃபிம் என்று ஆறு.

எபிரேயத்தில் ஷோரெஷ் என்றால் வேர், அனாஃப் என்றால் கிளை. இக்காரும் வேரை ஒட்டிய சொல்தான், அதனால்தான் மொழிபெயர்ப்பவர்கள் திணறுகிறார்கள். தமிழில் அந்தத் திணறல் வேண்டியதில்லை. ஆணிவேர், பக்கவேர், கிளை என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம், ஆணிவேரிலிருந்து பக்கவேர் பிரிகிறது என்பதும் தெரியும். அல்போவின் மூன்று அடுக்குகளும் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. அபரபனேலையும் வைத்துப் பார்த்தேன்: ‘தோராவில் இதுதான் ஆணிவேர் என்று எதையும் தனியே காட்ட முடியாது.’ அவர் சொல்ல வந்தது சிதையவில்லை.

அடிமரம் என்றும் ஒரு யோசனை வந்திருந்தது. தானியேல் நூலில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கு வரும் அரமேயச் சொல்லும் இக்கார்தான் என்பதால் அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடிமரத்திலிருந்து வேர்கள் பிறக்கின்றன என்று அல்போவை மொழிபெயர்க்க வேண்டி வரும், அது ஒட்டவில்லை.

இந்த அடுக்கு வரிசை சொல் அலங்காரம் இல்லை, இதில் உயிர்ப் பிரச்சினை இருந்தது. மேசியாவின் வருகை மைமோனிடிஸ் பட்டியலில் பன்னிரண்டாவது, அதில் சந்தேகப்பட்டாலும் சமூகத்துக்கு வெளியேதான். அல்போ அதைக் கிளைகளில் வைக்கிறார்: மறுப்பவன் பாவி, ஆனால் சமயத்தை மறுத்தவன் இல்லை. 1413-14இல் ஸ்பெயினின் தோர்தோசாவில் எதிர்ப்பாப்பரசர் பதின்மூன்றாம் பெனடிக்ட் யூத ரபிகளைக் கூட்டி நடத்திய வாதத்தில் அல்போவும் இருந்தார். மேசியா ஏற்கெனவே வந்துவிட்டார் என்று யூத ரபிகளின் நூலான தல்மூதை வைத்தே நிரூபிப்பதுதான் அங்கே கிறிஸ்தவத் தரப்பின் முக்கிய வேலை. மேசியா கிளைதான் என்று ஆகிவிட்டால் அந்த ஒரு வாதத்தில் தோற்றாலும் மரம் சாய்ந்துவிடாது. ஸ்பெயினில் யூதர்களுக்கு எதிராக நடந்த 1391 கலவரங்களில் பல்லாயிரம் பேர் கட்டாயத்தில் மதம் மாறியிருந்தார்கள், கிரெஸ்காஸின் மகனே பார்சிலோனாவில் கொல்லப்பட்டார். அந்தத் தலைமுறை எதை விட்டால் எல்லாம் போய்விடும் என்று கேட்டதை ‘கோட்பாடு’ என்ற ஒரே சொல்லால் தட்டையாக்கிவிடக் கூடாது.

அப்புறம் மைமோனிடிஸ். அவர் அந்த உரையை அரபியில், எபிரேய எழுத்தில் எழுதினார். அவர் கையாளும் சொற்கள் உசூல், கவாயித். உசூல் என்றால் வேர்கள், தமிழ் முஸ்லிம் நண்பர்களுக்குப் பழக்கமான சொல். கவாயித் என்பது கட்டடத்தின் அடித்தளம், பதின்மூன்றையும் எண்ணிச் சொல்லும்போது இதைத்தான் பயன்படுத்துகிறார். அதனால் அவருடையவற்றைப் ‘பதின்மூன்று அடித்தளங்கள்’ என்றே எழுதலாம். இவற்றில் ஒன்றை மறுப்பவனை இக்காரை மறுத்தவன் என்றும் நாற்றுகளை வெட்டுபவன் என்றும் பழைய ரபிகளின் சொல்லாலேயே குறிக்கிறார், அங்கே ஆணிவேர் தானாக வந்து பொருந்துகிறது. கிரெஸ்காஸ் பயன்படுத்தும் ‘பின்னா’வுக்குத் தமிழ் விவிலியத்தின் ‘மூலைக்கல்’ இருக்கிறது, அதைத் தேட வேண்டியதில்லை.

‘ஆணிவேர்க் கொள்கை’ என்று நீட்ட வேண்டுமா, தனியே ‘ஆணிவேர்’ போதுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். தலைச்சொல்லாக நீண்ட வடிவம், கட்டுரைக்குள் குறுகிய வடிவம் என்று வைக்கலாமா? ‘மூலக்கொள்கை’ என்று எழுதியிருந்த ஐயா, அல்போவின் மூன்று அடுக்குகளையும் உங்கள் சொல்லை வைத்து ஒருமுறை எழுதிக் காட்டுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.