கையால் வரைந்து அனிமேஷன் பழகியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எனக்கு ஓவியம் சுமார்தான். முகம் வரைந்தால் யாருடையது என்று எழுதிக் காட்ட வேண்டும். ஆனால் தொடக்கத்தில் வட்டம் போடத் தெரிந்தால் போதும், ஏனென்றால் எல்லோரும் குதிக்கும் பந்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

செலவும் பெரிதாக இல்லை. ஏ4 தாள், ஃபைலுக்கு ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின், அந்த ஓட்டையில் இறுக்கமாக உட்காரும் இரண்டு மரக்குச்சி. குச்சியை அட்டையில் ஒட்டினால் பெக் பார் ரெடி. தாள் இம்மி நகரக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. பழைய ஃபோட்டோ ஃபிரேமின் கண்ணாடிக்கு அடியில் எல்இடி விளக்கு வைத்தால், அடித்தாளின் படம் மேல்தாளில் தெரியவைக்கும் லைட் பாக்ஸ்.

சினிமாக் கணக்கு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் வந்து போகும் 24 நிலைப்படம். நாம் வரையும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 12 படமே போதும். சரி, பந்துக்கு வருவோம். உச்சியில் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி நெருக்கமாக இருக்க வேண்டும். இறங்க இறங்க இடைவெளி கூடும். தரைக்குச் சற்று முன் பந்து நீளும், தொட்டதும் சப்பையாகும். அகலம் கூடினால் உயரம் குறைய வேண்டும், இல்லையென்றால் பந்து ஊதிப் பெருத்ததாகத் தெரியும். சம இடைவெளியில் வரைந்தால் ஏதோ லிஃப்டில் இறங்குகிற மாதிரி இருக்கும். அதே வட்டம்தான்; இடைவெளியை மாற்றினால் ரப்பர் பந்து, பலூன், இரும்புக் குண்டு. கனம் கோட்டில் இல்லை, இரண்டு படத்துக்கு நடுவில் இருக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது.

* * *

பந்துக்கு அடுத்தது நடை. அங்கேதான் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள்! எனக்குக் கைகொடுத்தது எதிர்வீட்டு மதில்சுவர். அதை ஒட்டிப் போகிறவர்களின் தலையை மதில் விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். குதிகால் ஊன்றி முழங்கால் மடங்கும்போது தலை தாழும். ஒரு கால் மற்றதைக் கடந்தபின் உயரும். முதலில் கால் விரிந்த நிலைகளை வரைந்துவிட்டு, கடக்கும் நிலையை நடுவில் போட்டு, அப்புறம் மிச்சத்தை நிரப்புகிறேன்.

நான் இப்போது கிரீட்டா என்கிற கணினி ஓவிய மென்பொருளில்தான் வரைகிறேன். முந்தைய படம் ஒரு நிறத்திலும் அடுத்தது வேறு நிறத்திலும் மங்கலாகத் தெரிவது வசதிதான். இருந்தாலும் தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்க்கும்போது கை தானாகக் கற்றுக்கொள்வது திரையில் வரவில்லை. முடிந்தவர்கள் தாளிலேயே ஆரம்பியுங்கள்.

* * *

தாளில் வரைபவர்களுக்கு ஒன்று. தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துத்தான் வீடியோ ஆக்குகிறோம்; அதை ஜன்னல் வெளிச்சத்தில் செய்யாதீர்கள். மேகம் ஒன்று கடந்தால் போதும், ஓட்டிப் பார்க்கும்போது வீடியோ மின்னி மின்னி அடங்கும். ஜன்னலைச் சாத்தி, ஒரே விளக்கை எரியவிட்டு, செல்போன் கேமராவில் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் லாக் செய்துவிடுங்கள்.

பின்னணியைத் தாளுக்குத் தாள் வரையவும் வேண்டாம். அமெரிக்க கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே, 1914இல் வெளிவந்த தன் டைனோசர் அனிமேஷன் படத்துக்கு அப்படித்தான் பாடுபட்டார். பாறையையும் ஏரியையும் திரும்பத் திரும்ப வரையவே ஓர் உதவியாளரை வைத்திருந்தார். செல்லுலாய்டு என்கிற கண்ணாடி போன்ற தாள் வந்து, பின்னணியை ஒரே முறை வரைந்து அதன் மேல் வைக்க முடிந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. நமக்கு அதே மாதிரி ஊடுருவித் தெரியும் ஓஎச்பி ஷீட் இருக்கிறது. பெரிய ஸ்டேஷனரி கடைகளில் கேட்டால் கிடைக்கும். மார்க்கர் மட்டும் அழியாததாக வாங்குங்கள், சாதாரண ஸ்கெட்ச் பேனா கை பட்டதும் ஈஷிக்கொள்ளும்.