ஜெல் தகட்டில் கோல வடிவங்கள்: மூன்றாம் அடுக்கில் எல்லாம் குழம்பிவிடுவது ஏன்?

ஈசூன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்காக ஜெல் தகட்டில் (வண்ணத்தை உருட்டி, மேலே தாளை அழுத்தி அச்செடுக்கும் மெத்தென்ற தகடு) அச்செடுத்து வருகிறேன். தகடு 8க்கு 10 அங்குலம். வண்ணம், குழாயில் வரும் சாதாரண அக்ரிலிக். தாள், வழவழப்பான 160 கிராம் அட்டை. கோலப் புள்ளிகள், தாமரை இதழ், இங்கே சிங்கப்பூரில் ஜூ சியாட் பக்கத்துப் பழைய கடைவீடுகளின் முகப்பில் பதித்திருக்கும் பூ ஓடுகள் ஆகியவற்றிலிருந்து எடுத்த வடிவங்களைத் தடித்த தாளில் வெட்டி, தகட்டின்மேல் பரப்பி, ஒரே தாளில் மூன்று நான்கு அடுக்குகளாக அச்சிடுகிறேன். முதல் அடுக்கு கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது விழுந்ததும் எது இதழ், எது பின்னணி என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் பழுப்பாகிவிடுகிறது. வடிவங்களை ஒன்றோடொன்று பொருந்த வைப்பதும் கைக்கு வரவில்லை.

வடிவங்களைக் குறைக்க வேண்டுமா, வண்ணங்களை மாற்ற வேண்டுமா, அல்லது அடுக்கும் வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறதா? சிக்குக் கோலத்தின் வளைகோட்டை இந்தத் தகட்டில் கொண்டுவர வழி உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன். நாங்கள் சைவம் என்பதால், ஜெலட்டினைக் காய்ச்சி வீட்டிலேயே தகடு செய்யும் முறையை மட்டும் பரிந்துரைக்க வேண்டாம்.

தெம்பனிஸ் அச்சாளர்:

வணக்கம் சகோதரி. பழுப்புக்குக் காரணம் வடிவங்களின் எண்ணிக்கையாக இருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் வண்ணக் குழாய்களின் லேபிளைப் பாருங்கள். பல நிறுவனங்கள் அதில் ஒரு சிறு சதுரம் அச்சிட்டிருக்கும். சதுரம் வெறுமையாக இருந்தால் அந்த வண்ணம் ஒளியை ஊடுருவ விடும், நிரப்பப்பட்டிருந்தால் அடியில் உள்ளதை மறைக்கும், பாதி நிரம்பியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தாலோ நீலம், குவினாக்ரிடோன் சிவப்பு போன்றவை ஊடுருவும் இனம். டைட்டானியம் வெள்ளையும் அது கலந்த எந்த வண்ணமும் மறைக்கும் இனம். ஊடுருவும் சிவப்பின்மேல் ஊடுருவும் பச்சையும், அதன்மேல் இன்னொன்றும் விழுந்தால் பழுப்பைத் தவிர வேறெதுவும் வராது. முதல் இரண்டு அடுக்குகளை மஞ்சளும் ஆரஞ்சும், அல்லது நீலமும் பச்சையும் என அருகருகே உள்ள நிறங்களில் வைத்துக்கொண்டு, மூன்றாவதை வெள்ளை கலந்த வெளிறிய நிறத்தில் இடுங்கள். அந்த மூன்றாவது அடுக்கின் வேலை புதிய வடிவங்களைச் சேர்ப்பதன்று, பிழைக்க வேண்டிய இதழ்களை விட்டுவிட்டு மற்ற இரைச்சலை மூடுவதுதான்.

வடிவத்தை வெட்டும்போது வெட்டி எடுத்த துண்டையும், ஓட்டை விழுந்த தாளையும் இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் உருட்டிய தகட்டின்மேல் இதழ்த் துண்டை வைத்துத் தாளை அழுத்தி எடுத்தால், இதழைச் சுற்றியுள்ள வண்ணம் மட்டும் தாளுக்கு வரும். இனி அந்தத் துண்டை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துப் பாருங்கள்; அதன் அடியில் இருந்த வண்ணம் இன்னும் தகட்டில் ஈரமாக இருக்கும். அதன்மேல் வேறொரு தாளை அழுத்தினால் நிறைந்த இதழ் கிடைக்கும், சுற்றிலும் முன்பு எஞ்சிய மெல்லிய வண்ணப் படலமும் சேர்ந்து வரும். கோஸ்ட் பிரிண்ட் என்று சொல்லப்படும் இந்த இரண்டாம் அச்சைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். என் அனுபவத்தில், இலை நரம்பு, சரிகைத் துணி, பழம் வரும் வலைப்பை போன்ற நுண்ணிய தடங்கள் முதல் அச்சைவிட இதில்தான் அழகாக விழுகின்றன. இதெல்லாம் வண்ணத்தை மிக மெல்லியதாக உருட்டினால்தான் நடக்கும். உருளை தகட்டில் ஓடும்போது சளசளவென்று சத்தம் கேட்டால் வண்ணம் அதிகம்.

பொருத்தத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. தகடு கண்ணாடிபோல் ஊடே தெரிவதால், ஒரு தாளில் 2.5 செ.மீ. இடைவெளியில் கோலப் புள்ளிகளைக் குறித்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுத் தகட்டுக்கு அடியில் வையுங்கள். புள்ளிகள் மேலே தெரியும். வடிவங்களை அவற்றின்மேல் நிறுத்தினால் போதும். அடர்ந்த வண்ணத்தை உருட்டினால் புள்ளிகள் மறைந்துவிடும் என்பதால், தகட்டின் ஓரத்துக்கு வெளியிலும் அளவுக் குறிகள் இருக்கட்டும்.

ஓடுகளைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தப் பழைய ஓடுகளில் பெரும்பாலானவை சுமார் 15 செ.மீ. சதுரங்கள், ஐரோப்பாவிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் இறக்குமதியானவை. அவற்றில் பல, நான்கு ஓடுகள் கூடினால்தான் முழுப் பூவாகும்படி வரையப்பட்டவை. அதே முறையை நீங்களும் கையாளலாம். கால் பங்கு வடிவம் ஒன்றை மட்டும் வெட்டி, சதுரத் தாளை 90 பாகை திருப்பித் திருப்பி நான்கு முறை அச்சிட்டால், ஒரே வெட்டிலிருந்து முழு வட்டம் பிறக்கும். அச்சு இடவலமாக மாறி விழும் என்பதை மறந்துவிடாதீர்கள். தாமரைக்கு அதனால் பாதகமில்லை, ‘பொங்கலோ பொங்கல்’ என்று எழுத்தை வெட்டினால் இடவலம் மாறும்படி புரட்டி வைக்க வேண்டும்.

பிடோக் அன்பர்:

மேலே சொன்னவற்றோடு நம் ஊர்ப் பருவநிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். அக்ரிலிக் நீர் ஆவியாவதால் உலர்வது என்பதால், ஒரே வண்ணம் காலையில் ஒரு மாதிரியும் குளிரூட்டிய அறையில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்தால் வடிவங்களை நிதானமாக அடுக்க நேரம் கிடைக்கும். அடுத்த அடுக்குக்கு முன் தாளை முழுவதும் உலர்த்த மட்டும் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோங்கள். அரை ஈரத்தில் அடுத்த அடுக்கை இட்டாலும் வண்ணம் குழையும், பழுப்பாகும்.

சைவத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் நிரந்தரத் தகடுகள் பொதுவாகக் கனிம எண்ணெய் சார்ந்த செயற்கைப் பொருளால் ஆனவை, அவற்றில் ஜெலட்டின் இல்லை. வீட்டில் காய்ச்சிய ஜெலட்டின் கட்டியோ 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், எனவே நம் வெயிலுக்கு அது எப்படியும் ஆகாது. அகர் அகரில் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அது 80 பாகைக்கு மேல்தான் உருகும் என்றாலும், இழுபடும் தன்மை இல்லாததால் உருளையின் அழுத்தத்தில் விண்டுபோகும். அதை இனிப்புக்கே விட்டுவிடுவோம்.

தேக்கா கோலக்காரி:

தெம்பனிஸ் அன்பர் சொன்ன புள்ளித்தாள் முறையை ஏற்கிறேன். ஆனால் நான்கு திருப்பலும் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும் என்று எண்ணினால், ஜெல் தகட்டைவிட லினோ வெட்டு (லினோலியத் தகட்டில் வடிவத்தைச் செதுக்கி அச்சிடுவது) பொருத்தமான ஊடகம் என்பது என் கருத்து. இந்தத் தகட்டின் அழகே ஓரங்கள் சற்று விலகி, கீழடுக்கின் நிறம் கோடாக எட்டிப் பார்ப்பதில் இருக்கிறது.

சிக்குக் கோலத்துக்கு வருகிறேன். நூலை வளைத்துத் தகட்டில் வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். புள்ளியைச் சுற்றும் வளைவு நன்றாகவே விழும். கோடு தன்னையே கடக்கும் இடத்தில் நூல் இரட்டிப்பு உயரமாகிவிடுவதால், தாள் அங்கே தகட்டைத் தொடாமல் சுற்றிலும் வெள்ளைத் திட்டு விழும். சிக்குக் கோலத்தில் கடக்காத கோடு ஏது! ஆகவே நூலைவிட, ஈர வண்ணத்தின்மேல் பஞ்சுக் குச்சியாலோ நுனியில் ரப்பர் உள்ள தூரிகையாலோ கோட்டை இழுத்து வண்ணத்தை வழித்தெடுப்பதே மேல். வண்ணத்தை மெல்லியதாக உருட்டி, அடியிலுள்ள புள்ளிகள் தெரிந்தால் கை தடுமாறாது. தாளில் மஞ்சள் அடுக்கு உலர்ந்திருக்க, தகட்டில் அடர்நீலத்தை உருட்டிக் கோடிழுத்து அதன்மேல் அச்செடுத்தால், நீலத்தின் நடுவே மஞ்சள் கோலம் ஒளிரும். குச்சி, பேனா, ஊசி போன்ற கூரிய எதையும் தகட்டின்மேல் இழுக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வோர் அச்சிலும் தெரியும்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் உள்ள குழாய்களில் பச்சையும் சிவப்பும் வெற்றுச் சதுரம் கொண்டவை என்று இப்போதுதான் பார்த்தேன். பஞ்சுக் குச்சி முறையை இந்த வாரமே செய்து பார்க்கிறேன். முடித்த அட்டைகளைப் பொங்கல்வரை எப்படி வைத்திருப்பது என்பது மட்டும் பாக்கி; அடுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று தோழி ஒருத்தி எச்சரிக்கிறாள்.

பிடோக் அன்பர்:

உங்கள் தோழி சொல்வது சரி. அக்ரிலிக் உலர்ந்த பிறகும், நம் வெப்பத்தில் அழுத்தம் பட்டால் வண்ணமும் வண்ணமும் பற்றிக்கொள்ளும். ஒவ்வோர் அட்டைக்கும் இடையே கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை வைத்து, மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள். தகட்டை அது வந்த பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவே, மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். குமிழி உறையில் சுற்றினால் குமிழிகளின் வட்டத் தடம் தகட்டில் பதிந்து, நீங்கள் கேட்காத புள்ளிக் கோலம் ஒன்று எல்லா அட்டையிலும் வரும்.