ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் உங்கள் ஊரில் இறங்கிய அனுபவம் உண்டா? பகிருங்கள்

மேட்டுநிலம்:
டிராக்டர் கவிழ்ந்து இடுப்பெலும்பு நொறுங்கியவர். பெரிய மருத்துவமனைக்குச் சாலை வழியே போனால் தாங்கமாட்டார் என்று ஹெலிகாப்டர் கேட்டாகிவிட்டது. இடம் பார்த்துத் தரவேண்டியது தன்னார்வத் தீயணைப்புக் குழுவான எங்கள் பொறுப்பு. பக்கத்திலேயே அறுவடை முடிந்த வயல், நல்ல சமதளம். எங்களிடம் கேட்டது 30 மீட்டருக்கு 30 மீட்டர். அங்கே அதைப்போல் நாலு மடங்கு இருந்தது.

வயல்காரர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்த ஓரத்துக் கம்பத்துல இருந்து மோட்டார் ரூமுக்கு ஒத்தைக் கம்பி போகுது, பாருங்க." பார்த்தேன், வெறும் வானம்தான் தெரிந்தது. அவர் விரல் காட்டிய பக்கம் கண்ணை ஓட்டினால், அந்தரத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது. அதன் காலுக்குக் கீழேதான் கம்பி.

வேறு வயலுக்கு மாற்றினோம், அடிபட்டவரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயல்காரர் அன்று வெளியூர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

கரும்பலகை:
எங்கள் பள்ளி மைதானத்தில் இறங்கியது. பிள்ளைகளை வகுப்புக்குள் வைத்து ஜன்னலைச் சாத்திவிட்டோம். புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தும், நனையாத ஓரத்தில் இருந்து கிளம்பிய மண் கண்ணைத் திறக்கவிடவில்லை. பேரனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பாட்டியின் சால்வை காற்றில் பிடுங்கிக்கொண்டு வால் பக்கம் பறந்தது. பாட்டி அதன் பின்னால் ஓட ஆரம்பித்தார். பின்னால் சுற்றும் சின்ன விசிறி வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. செவிலியர் ஒருவர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் புல்லில் விழுந்தார்கள். சத்தத்தில் யார் கத்தியதும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

இரவுப்பணி:
மேலே இருவர் சொன்னதும் ஒன்றைத்தான் காட்டுகிறது. அவசரம் வந்தபிறகு வயலையும் மைதானத்தையும் தேடுவதே தப்பு. கம்பி இல்லாத, சரிவில்லாத, மண் பறக்காத நிரந்தரத் தளம் ஒன்று ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். நெஞ்சுவலிக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு, இருட்டில் இடம் தேடி ஆம்புலன்சை ஓட்டியவன் நான். அவர் என் கையை விடவே இல்லை.

ஓடைக்கரை:
இரவுப்பணி சார், கோபப்படாதீர்கள். எங்கள் ஊரில் நீங்கள் சொல்லும் தளம் இருக்கிறது. கான்கிரீட் தரை, நடுவில் 'எச்' குறி, விளக்கு, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், ஆடு மாடு நுழையாமல் சுற்றிலும் வேலி. என் தங்கைக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காத அன்று ராத்திரி கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் போனை எடுக்கவில்லை. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வட்டமடிக்க, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இரும்புக் கம்பியைக் கொடுத்துப் பூட்டை நெம்பினார். தங்கை வண்டிக்குள் "இன்னும் திறக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தளம் கட்டினால் மட்டும் போதாது சார், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

திசைகாட்டி:
எங்களுக்கு நடந்தது சின்ன விஷயம்தான். ஹெலிகாப்டர் சத்தம் மலைமுகட்டுக்கு அந்தப்பக்கம் கேட்டது, ஆள் வரவில்லை. காரணம், நாங்கள் சொன்ன அட்சரேகை. பாகைக்குப் பிறகு வரும் 12 நிமிடம் 30 விநாடி, அதாவது 12.5 நிமிடம், 12.30 நிமிடம் என்று பதிவாகிவிட்டது. அந்த ஒரு புள்ளியால் ஏறக்குறைய 370 மீட்டர் தள்ளிப்போகும்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். எண்ணை எந்த முறையில் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பி மேலிருந்து தெரியாது, கம்பம்தான் தெரியும். எந்தத் திசையில் எத்தனை கம்பம் என்று வானொலியில் சொல்லுங்கள். ராத்திரியில் டார்ச்சை மேலே அடிக்காதீர்கள். பைலட் இருட்டில் பார்க்கும் கண்ணாடி போட்டிருந்தால் அந்த வெளிச்சம் அவர் பார்வையையே மறைத்துவிடும். வண்டி ஹெட்லைட்டைத் தாழ்த்தித் தரையில் அடியுங்கள். தார்ப்பாய், தொப்பி, போர்வை எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்காதீர்கள். சரிவான இடமென்றால் மேட்டுப்பக்கமாக நெருங்கவே கூடாது, விசிறி அங்கே தரைக்கு அருகில் இருக்கும். உள்ளே இருப்பவர் கை காட்டும்வரை யாரும் நகரக்கூடாது.

இரவுப்பணி:
ஓடைக்கரை, தளமே வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லையே, அதுவரை சரி. சாவிப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு போடுங்கள், எண் கட்டுப்பாட்டு அறையில் இருக்கட்டும்.

ஓடைக்கரை:
அடுத்த மாதமே மாற்றிவிட்டோம் சார். தங்கை நலம், குழந்தையும் நலம். இப்போது தகராறு மரத்தால். தளம் கட்டியபோது நிழலுக்கென்று சுற்றி நட்ட கன்றுகள் வளர்ந்து நிற்கின்றன. ஹெலிகாப்டர் நேர் மேலிருந்து அப்படியே இறங்கிவிடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். சாய்வாக வந்து இறங்கவும் ஏறவும் வழி வேண்டும் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள். வெட்டக்கூடாது என்று ஒரு கூட்டம், வெட்டு என்று ஒரு கூட்டம். காற்று அதிகம் வரும் பக்கத்து வரிசையையாவது எடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுபோல மரத்தை எடுக்கவைத்தவர்கள் யாராவது இருந்தால், ஊர்க்காரர்களிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.