கலைச்சொல்: கியர்த் தண்டின் உச்சியில் இருப்பதற்கு என்ன பெயர்?

செந்தூலிலிருந்து

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம்.

கியரைக் கையால் மாற்றி ஓட்டும் விளையாட்டுக் காடிகளுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, 1998-இல் வந்த நம் மலேசியாவின் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ, இப்படிப்பட்ட வண்டிகள். கியர்த் தண்டின் உச்சியில் உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையைக் கழற்றிவிட்டுக் கடைசல் போட்டுச் செய்த வேறொன்றைப் பூட்டுவதுதான் முதல் அத்தியாயம். இரண்டாவது வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. அந்த உருண்டைக்கு நம்மிடம் என்ன பெயர்?

பட்டறையில் நாங்கள் 'கியர் நாப்' என்போம். மலாய்க்காரப் போர்மேன் 'தொம்போல்' என்பார். கதவின் குமிழுக்கும் அவர்களுக்கு அதே சொல்தான், சிக்கலே இல்லை. தமிழில் சிலர் 'கியர் மண்டை' என்று கேலியாகச் சொல்வதுண்டு. கையேட்டில் மண்டை என்று எழுதினால் அம்மா கையேட்டையே தூக்கி எறிந்துவிடுவார்.

இது மட்டுமில்லை. திருகும் மரைக்கு, இரண்டு மரைகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு, 86-இல் ரிவர்ஸ் போடும்போது விரலால் மேலே தூக்குகிற வளையத்துக்கு, உச்சியில் செதுக்கியிருக்கும் ஒன்று-இரண்டு-மூன்று படத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் சொல் வேண்டும். பெரியவர்கள் உதவவும்.

ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து

தம்பி, முயற்சிக்கு வாழ்த்து.

உறுப்பின் பணி பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது கலைச்சொல்லாக்கத்தின் முதல் நெறி. எனவே 'பல்லிணை மாற்று நெம்புகோல் தலைப்பிடி' என்று முன்மொழிகிறேன். பல்லிணை என்பது கியருக்கு ஏற்கெனவே பாடநூல்களில் இடம்பெற்ற சொல். நெம்புகோல் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். தலையில் இருப்பதால் தலைப்பிடி. ஐயம் எழ இடமே இல்லை.

மரைக்கு 'இழை' எனலாம்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து

ஐயா, பொருள் துல்லியமாக இருக்கிறது. ஆனால் வாசிப்பவர் தலைப்பிடிக்கு வந்து சேர்வதற்குள் வண்டி மூன்றாம் கியருக்குப் போயிருக்கும். நான் செய்தித்தாளில் மொழிபெயர்ப்பு செய்தவன். ஒரு பத்தியில் ஆறு முறை வர வேண்டிய சொல் நான்கு அசைக்கு மேல் நீண்டால், அடுத்த பதிப்பில் யாராவது அதை வெட்டி 'அது' என்று போட்டுவிடுவார்கள்.

'மாற்றுக்குமிழ்' என்று வைத்தால் என்ன? மாற்றுவதற்கான குமிழ். சுருக்கம், தமிழ், ஓசையும் நன்று.

'இழை' வேண்டாம் ஐயா. இந்த மடல்தொடரையே இழை என்கிறோம். 'இழை அறுந்துவிட்டது' என்று தம்பி எழுதினால் குழு கலைந்ததா, ஆணி கெட்டதா என்று கேட்க வேண்டியிருக்கும்.

பிறையிலிருந்து

நான் கடைசல் பட்டறை வைத்திருப்பவள். தமிழ் இலக்கணம் பள்ளியோடு சரி. ஆனால் இந்தச் சாமான் என் கையில் தினமும் சுற்றுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'மாற்றுக்குமிழ்' ஆகாது. ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் மாற்று என்றாலே நம் காதில் முதலில் விழுவது 'இதற்குப் பதில் அது' என்பதுதான். மாற்றுத் துணி, மாற்று வழி, மாற்றுச் சாவி. இந்தத் தம்பியின் கையேடோ பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதைப் பற்றியது. 'மாற்றுக்குமிழை மாற்ற வேறொரு மாற்றுக்குமிழ் வாங்கவும்' என்று ஒரு வரி வந்தே தீரும். வண்டியோடு வந்ததும் மாற்றுக்குமிழ், கடையில் வாங்கியதும் மாற்றுக்குமிழ் என்றால் எதைக் கழற்றுவது?

ஐயாவின் 'பல்லிணை'யும் எனக்கு உறுத்துகிறது. கியர்ப்பெட்டியைப் பிரித்துப் பல் உள்ள சக்கரத்தைக் கையில் எடுத்தால் அது பல்லிணை, மறுக்கவில்லை. ஓட்டுகிறவர் 'ரெண்டாம் கியர் போடு' என்னும்போது சக்கரத்தைச் சொல்லவில்லை, நிலையைச் சொல்கிறார். 'இரண்டாம் பல்லிணை போடு' என்று இதுவரை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. நிலையைச் சொல்ல 'படி' என்று போகலாம், முதற்படி, இரண்டாம் படி என்று. ஆனால் அப்போது உருண்டை 'படிக்குமிழ்' ஆகும், மாடிப்படி கைப்பிடியில் இருக்கிற மரக் குமிழ்தான் கண்ணுக்கு வரும். கியர் கியராகவே இருக்கட்டும். கார், பஸ், டயர் எல்லாம் நம் வாயில் உட்கார்ந்த பிறகு இது ஒன்றை மட்டும் வெளியே தள்ளுவானேன்?

இனி குமிழ். இதுதான் சரியான சொல் என்பது என் முடிவு. காரணம் சொல்கிறேன். சிலர் குமிழ் என்றால் விரலால் திருகுவது, வானொலியில் ஒலியைக் கூட்டுவது போல என்பார்கள். கியரில் இருப்பதைத் திருகி ஓட்டுவதில்லை, பிடித்துத் தள்ளுகிறோம். ஆனால் பாதக்குறட்டில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நிற்கிறதே, அதற்கு என்ன பெயர்? குமிழ்தான். யாரும் அதைத் திருகுவதில்லை. விரல் அதைப் பற்றிக்கொள்கிறது, மொத்தக் குறடும் அதோடு நகர்கிறது. ஒரு தண்டின் மேல் திரண்டு நிற்பது, கையோ காலோ பற்றினால் கீழே உள்ளது அசைவது. கியரிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஆகவே கியர்க்குமிழ்.

உருண்டையாக இல்லாத குமிழ்களும் உண்டு. ஹோண்டாவின் டைப் ஆர் வண்டிகளில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒன்று வரும். நீள உருளையாக, காளான் தலையாக என்று பல வடிவங்களைக் கடைந்திருக்கிறேன். எல்லாம் குமிழுக்குள் அடங்கும். ஆட்டோ கியர் வண்டியில் பொத்தான் வைத்து நாலு விரலும் சுற்றிப் பிடிக்கிறதை மட்டும் 'கியர்ப்பிடி' என்று பிரித்துவிடலாம். 'பிடி'யை அதற்கு ஒதுக்கிவைப்பதும் ஒரு வசதி.

மரை: இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். 'அவனுக்கு மரை கழன்றுவிட்டது' என்று ஊரே ஏசுகிறது. இதைவிட உயிரோடு ஒரு கலைச்சொல் இருக்க முடியுமா? பக்கத்துப் பக்கத்து மரைகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு நாங்கள் 'பிட்ச்' என்போம். 'மரையிடை' என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்தச் சொல்தான் கையேட்டிலேயே முக்கியம் என்பேன், குமிழைவிடவும். மாஸ்டா எம்எக்ஸ்-5, மிட்சுபிஷி, நிசான் தண்டுகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் குறுக்களவு, மரையிடை 1.25. ஹோண்டாவில் குறுக்களவு அதே 10, மரையிடை 1.5. டொயோட்டா 86-இலும் சுபாருவிலும் 12, மரையிடை 1.25. வருகிற பையன்கள் எல்லாரும் '10 மில்லி அக்கா' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஹோண்டாவுக்கு அறுத்த குமிழை மாஸ்டா தண்டில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று சிரித்துக்கொண்டே ஏறும், பிறகு இறுகும். பையன் பலம் காட்டுவான். குமிழ் அலுமினியமாக இருந்தால் உள்ளே மரை உரிந்து வெள்ளிப் பொடியாகக் கொட்டும். 12-க்கு அறுத்ததை 10-இல் போட்டால் அந்தத் தொல்லைகூட இல்லை, தொப்பி மாதிரி ஆடும். இப்படி அளவு பொருந்தாதபோது தண்டுக்கும் குமிழுக்கும் நடுவே போடுகிற, மரை அறுத்த குழலுக்குச் 'செருகுமரை' என்று பெயர் வைக்கலாம். மரக் குமிழுக்கும் பித்தளையில் அதுதான் வைக்கிறோம், மரத்தில் நேராக மரை அறுத்தால் நிற்காது.

எடையைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முழு உருண்டையை எஃகில் கடைந்தால் அரைக் கிலோ வரும். டைட்டேனியத்தில் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அலுமினியத்தில் 175 அளவு, டெல்ரின் நெகிழியில் 90 சொச்சம். நடுத்துளையைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். கனமான குமிழ் தள்ளிய வேகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கியர் விழும் கடைசி இடறலைத் தாண்டிவிடும், கைக்கு மெத்தென்று இருக்கும். அதனால் 'எடைக்குமிழ்' என்றே சொல்லலாம். ஆனால் கனத்தை விரும்பி முழு எஃகில் கேட்கிறவரிடம் நம் ஊர் வெயிலை நினைவுபடுத்துவேன். மதியம் திறந்த வெளியில் நிறுத்திய வண்டிக்குள் அதைத் தொட்டுப் பார்க்கட்டும். தோலுறை போட்டது அல்லது டெல்ரின்தான் இங்கே கைக்கு நல்லது.

குமிழைத் தாழ்வாகப் பூட்டினால் கை நகரும் தூரம் குறையும் என்பார்கள். உண்மைதான், நெம்புகோல் கணக்கு. அச்சிலிருந்து 20 செண்டிமீட்டரில் இருந்ததை 18-க்கு இறக்கினால் தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், தள்ள வேண்டிய விசை அதற்கேற்பக் கூடும். ஐயாவின் நெம்புகோல் இந்த இடத்தில் வேலைக்கு வருகிறது, பெயரில் வேண்டாம்.

ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து

அம்மா, பாதக்குறட்டைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். குமிழை ஏற்கிறேன். குமிழ் என்பது ஒரு மரமும்கூட. அதன் பூவைத்தான் நம் புலவர்கள் பெண்ணின் மூக்குக்கு உவமை சொன்னார்கள். இனி அந்த உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காடிதான் நினைவுக்கு வரும், அந்தப் பாவம் உங்களைச் சேரும்.

கியரை மட்டும் கனத்த மனத்தோடு விடுகிறேன். உள்ளே சுழலும் சக்கரத்துக்குப் பல்லிணை, ஓட்டுநர் போடும் நிலைக்குக் கியர் என்று கையேட்டில் ஒரு குறிப்பாவது இருக்கட்டும்.

தூக்கும் வளையத்துக்கு ஒரு பழஞ்சொல் தருகிறேன்: பூண். உலக்கை நுனியிலும் கைத்தடி அடியிலும் சுற்றிப் போடும் உலோக வளையம். தண்டைச் சுற்றி நிற்பதால் பொருந்தும். 'பின்கியர்ப் பூண்'.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து

பூண் அருமை ஐயா. ஆனால் உலக்கைப் பூண் அசையாது, அசைந்தால் உலக்கை கெட்டது என்று அர்த்தம். இதுவோ மேலே தூக்குவதற்காகவே இருப்பது. 'தூக்குபூண்' என்றால் வினையும் உள்ளே வந்துவிடும். பின்கியர் என்று சேர்க்கவும் வேண்டாம். கியர்த் தண்டில் தூக்குவதற்கு வேறு பூண் கிடையாது.

எம்எக்ஸ்-5-இல் வளையம் இல்லை, தண்டையே கீழே அழுத்தித்தான் ரிவர்ஸ் போட வேண்டும் என்பதையும் தம்பி எழுதிவிடட்டும்.

பிறையிலிருந்து

தூக்குபூண் நன்று. ஆனால் சொல்லிவிடுகிறேன், பட்டறையில் 'கோஸ்தான் வளையம்' என்றுதான் கேட்பார்கள். கப்பல்காரன் பின்னால் போகச் சொன்ன ஆங்கிலக் கட்டளை பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எல்லா இனத்தார் வாயிலும் கோஸ்தான் ஆகிவிட்டது, எந்தக் கலைச்சொல் குழுவாலும் அதைப் பின்னால் தள்ள முடியாது. கையேட்டில் தூக்குபூண் என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'கோஸ்தான் போடும்போது தூக்கும் வளையம்' என்று விளக்கினால் போதும்.

உச்சியில் செதுக்கும் எண் படத்துக்குக் 'கியர்க்கோலம்'. நேர்க்கோடுகளும் குறுக்குக்கோடும் புள்ளியில் முடிகிற எண்களும், வேறென்ன சொல்வது? ஜப்பானில் வண்டிச் சோதனைக்குப் போகும்போது கியர்க்கோலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் அங்கிருந்து வரும் வெற்றுக் குமிழ்களோடு கூடவே ஓர் ஒட்டுத்தாளும் வருகிறது. நம் பையன்கள் அதைத்தான் முதலில் தூக்கி வீசுகிறார்கள்.

செந்தூலிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதிப் பார்த்தேன்:

"முதலில் தண்டின் மரை அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். குறுக்களவு மட்டும் போதாது, மரையிடையும் வேண்டும். கியர்க்குமிழைத் துணியால் சுற்றிப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். மரையில் பசை இட்டிருந்தால் சற்றுச் சூடேற்றினால் இளகும். தூக்குபூண் உள்ள வண்டியில், புதுக் குமிழின் அடிப்பகுதி பூண் முழுதாக மேலே வருவதற்கு இடம் விடுகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இடம் இல்லையென்றால் வண்டி முன்னே மட்டும்தான் போகும். புதிய குமிழை ஏற்றியபின் கியர்க்கோலம் நேராக நிற்கவில்லை என்றால், அடியில் உள்ள பூட்டுமரையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள்."

'பூட்டுமரை' நானே போட்டது, அடியில் இறுக்கும் நட்டுக்கு. சரியா?

ஓர் ஐயம். பிஎம்டபிள்யூவில் மரையே கிடையாது, குமிழை நேராக மேலே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குத் தனிச்சொல் வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து

பூட்டுமரை சரி. இழுத்து எடுப்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், 'மரையில்லாக் குமிழ்' என்றாலே விளங்கும். குனிந்து நின்று இழுக்க வேண்டாம் என்று மட்டும் எச்சரியுங்கள். அது சட்டென்று விடுபடும்போது ஐயாவின் குமிழம்பூவுக்கே ஆபத்து.

பிறையிலிருந்து

பத்தி நன்றாக வந்திருக்கிறது தம்பி. 'இடப்பக்கமாக' என்பதை 'கடிகார முள்ளுக்கு எதிராக' என்று மாற்று, உருண்டையில் இடம் வலம் பார்க்கிற இடத்தைப் பொறுத்தது.

உனக்குச் செங்கால் மரத்தில் ஒன்று கடைந்து தருகிறேன் என்று சொன்னேனே, கட்டை வந்துவிட்டது. வரும்போது உன் தண்டின் அளவை எழுதிக்கொண்டு வா. '10 மில்லி' என்று மட்டும் எழுதியிருந்தால் வாசலிலேயே கோஸ்தான்.